முத்துப்பேட்டைக்கு ஒரு சனிக்கிழமை

ஜனவரி 20, திங்கள்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் குடும்பத்தோடு ஒரு நாள் போய் வருவது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவன் என் தம்பி குணசீலன். ஏற்பாடு செய்ய வேண்டியவள் நான். எங்கள் குடும்பத்தில் எல்லாக் காரியமும் இப்படித்தான் நடக்கும். பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் சத்துணவு ஆக்கிப் போடுகிறவள் ஆறு பேரைப் படகில் ஏற்றி இறக்க மாட்டாளா என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு.

மன்னார்குடியிலிருந்து வேனில் போனால் ஒரு மணி நேரம் ஆகும். நாற்பத்தாறு வயது வரைக்கும் நான் போனதில்லை. குணாவும் போனதில்லை. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், பக்கத்தில் இருக்கிற நமக்கு நேரமில்லை. அவன் மகள் மகிழுக்கு இந்த வருடம் அந்தக் காட்டைப் பற்றி ஒரு பாடம் வந்திருக்கிறது. வேர் மண்ணுக்கு மேலே நின்று மூச்சு விடுமாமே, நிஜமா என்று கேட்டிருக்கிறாள். காட்டுகிறேன் என்று அப்பன்காரன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

குணா, அவன் மனைவி பூங்கோதை, மகிழ், அம்மா, நான், என் வீட்டுக்காரர். என் மகள் எழில் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், வர மாட்டாள்.

சனிக்கிழமைதான் சரிப்படும். செவ்வாயும் வெள்ளியும் குணாவுக்குத் தஞ்சாவூரில் டயாலிசிஸ். சிறுநீரகம் இரண்டும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்த மறுநாள்தான் கொஞ்சம் மனுஷனாக இருப்பான். பிப்ரவரி முதல் தேதி சனிக்கிழமை வருகிறது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

சாப்பாடுதான் பெரிய வேலை. மற்றவர்களுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனால் போதும். குணாவுக்குப் புளி ஆகாது, உப்பு ஆகாது, தேங்காய் ஆகாது, வாழைப்பழம் ஆகாது. உருளைக்கிழங்கைக்கூட நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்துத்தான் போட வேண்டும். பூங்கோதை இதையெல்லாம் மருந்துக் கடைக்காரர் மாதிரி சொல்கிறாள். முகத்தில் ஒன்றும் இருக்காது. ஆறு பேருக்குமே அவன் சாப்பாட்டைச் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு வேளை உப்பில்லாமல் தின்றால் யாரும் செத்துப்போய்விட மாட்டோம்.

இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

தண்ணீர்தான் கொடுமை. நாள் முழுக்க அவனுக்கு ஒரு சொம்புதான். காப்பி, ரசம், மாத்திரை போட்டுக்கொள்கிற தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். அவன் எதிரில் நாங்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. பேசி வைத்துக்கொண்டது கிடையாது, தானாக வந்துவிட்டது. எட்டு வயது மகிழ்கூட அடுப்படிக்குப் போய்த்தான் குடிக்கிறாள். அப்படிப்பட்டவன் நாலு பக்கமும் தண்ணீராக இருக்கிற இடத்துக்குப் போக ஆசைப்படுகிறான்.

ஜனவரி 24, வெள்ளி

இன்று குணாவோடு நான் தஞ்சாவூர் போனேன். பூங்கோதைக்கு மகிழ் பள்ளிக்கூடத்தில் கூட்டம். மெஷின் அறைக்குள் அவனை அனுப்பிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். முடிந்து வெளியே வந்ததும், மாற்று அறுவை சிகிச்சை விஷயங்களைப் பார்க்கிற ஒரு அம்மா எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

விவரமாக எழுதிவிடுகிறேன். எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் அவள் சிறுநீரகம் கொடுக்க ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பூங்கோதைக்கு ரத்த வகை சேரவில்லை. பொங்கல் கழிந்த உடனே எனக்குப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். நானேதான் போய்க் கையை நீட்டினேன், யாரும் கேட்கவில்லை.

அந்த அம்மா சிரித்த முகம். "ரெண்டு பேருக்கும் நல்லாப் பொருந்துதும்மா. இவ்வளவு பொருத்தம் எல்லாருக்கும் அமையறதில்ல" என்றார். இன்னும் சில பரிசோதனைகள் பாக்கி இருக்கின்றன, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள், உங்கள் வீட்டுக்காரரும் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்றார்.

பஸ்ஸில் குணா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். வடுவூர் தாண்டும் வரை வயலைப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, முத்துப்பேட்டை போய் வருகிறவரைக்கும் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். சொன்னால் அம்மா அழுவாள், பூங்கோதை உன் காலில் விழுவாள், அந்த ஒரு நாளாவது எல்லாரும் சும்மா இருக்கட்டும் என்றான்.

சரி என்றேன். அவன் சொல்லி முடிக்கும் முன்பே சரி என்றேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொல்லையில் பொங்கல் கரும்பு இன்னும் சாத்தி வைத்தபடி இருக்கிறது. குணா கொண்டு வந்தது. எனக்குக் கல்யாணமான வருடத்திலிருந்து பொங்கல் வரிசை தவறியதில்லை. அப்பா இருந்தவரை அப்பா கொண்டு வந்தார், பிறகு இவன். இந்த வருடமும் பஸ்ஸில் கரும்பும் மஞ்சள் கொத்தும் பச்சரிசியும் வெல்லமுமாக வந்து இறங்கினான். ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன இடது கையில் கனம் தூக்கக் கூடாது. எல்லாவற்றையும் வலது தோளில் போட்டுக்கொண்டு வந்தான். திட்டினேன். தாய்மாமன் சும்மா வரலாமா என்று சிரித்தான்.

பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு வரும். பெண் வீட்டிலிருந்து எதுவும் அங்கே போகாது. அம்மா என் வீட்டுக்கு வந்தால் காப்பிக்கு மேல் எதையும் வாங்க மாட்டாள். அவளுக்கு அது கௌரவம். குணா இந்தக் காலத்து ஆள்தான், ப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன்தான். இந்த விஷயத்தில் மட்டும் அம்மாவுக்கு மேல்.

ஜனவரி 28, செவ்வாய்

என் வீட்டுக்காரர் வேதரத்தினத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருப்பவருக்குப் பேச்சு வராது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று சொன்னேன், "ம்" என்றார். அவ்வளவுதான். சம்மதம் என்றால் சம்மதம் என்று சொல்லலாம் இல்லையா. அவர் பயப்படுகிறார். எழிலுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பெண்டாட்டியைக் கிழித்துத் தைத்தால் வீடு என்ன ஆகும் என்று யோசிக்கிறார். யோசிக்க மாட்டாரா.

பரிசோதனை முடிவு வந்ததா என்று இன்று சாப்பிடும்போது கேட்டார். வரவில்லை என்றேன்.

ஜனவரி 30, வியாழன்

சனி, ஞாயிறு மழை இருக்கலாம் என்று செய்தியில் சொன்னார்கள். இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு நட்டாற்றில் நனைய முடியுமா. எட்டாம் தேதிக்குத் தள்ளிவிட்டேன். வேன்காரர் கணபதிநாதன் ஒன்றும் சொல்லவில்லை. மகிழ்தான் போனில் உம்மென்று இருந்தாள்.

பிப்ரவரி 1, சனி

நல்ல வெயில். போர்வையெல்லாம் துவைத்துக் காயப்போட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்கு வரப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு. எப்போது என்று தெரியவில்லை. சனிக்கிழமை யார் ஆய்வுக்கு வருவார்கள் என்று பூங்கோதை கேட்டாள். கேட்டால் என்ன பதில் சொல்வது, வந்தாலும் வருவார்கள். சரக்கு அறையை நான் ஒழுங்கு செய்து வைக்க வேண்டாமா. பதினைந்தாம் தேதி கட்டாயம் போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

சரக்கு அறை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தது. இருந்தாலும் பருப்பு டின்களை இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றினேன். கூட வேலை பார்க்கிற ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மத்தியானம் குணா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டான். நிழலில் உட்கார்ந்து கடைக் கதை சொன்னான். கண்ணீர் அஞ்சலி ப்ளெக்ஸ் அடிக்க வருகிறவர்கள் யாரிடமும் நல்ல போட்டோ இருக்காதாம். கல்யாணத்தில் கும்பலாக எடுத்ததிலிருந்து வெட்டி எடுக்கச் சொல்வார்களாம், செத்தவர் தோளில் வேறு யாரோ ஒருவர் கை மிச்சம் இருக்குமாம். மேலே பெயர் போட இடமே இருக்காதாம். சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். நானும் சிரித்தேன்.

போகும்போது, "அக்கா, ஆய்வுக்கு யாரும் வரலபோல" என்றான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தஞ்சாவூர் நம்பரிலிருந்து இரண்டு தடவை போன். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம், எடுக்க முடியவில்லை. பிறகு கூப்பிடலாம் என்றிருந்தேன், மறந்துவிட்டது.

உடம்பில் எங்கே அறுப்பார்கள் என்று போனில் தேடிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. குளிக்கும்போது கை தானாக இடுப்புக்குப் போகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

அம்மாவுக்குக் கால் வீக்கம். படகில் ஏறி இறங்க முடியுமா என்று எனக்கு யோசனை. அம்மா முடியும் என்கிறாள். அவள் அப்படித்தான் சொல்வாள். இருபத்திரண்டாம் தேதி.

பிப்ரவரி 16, ஞாயிறு

விடியற்காலையில் குணாவுக்கு மூச்சுத் திணறல். தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டதாம். அவசரமாக மெஷினில் போட்டு இறக்கியிருக்கிறார்கள். இப்போது பரவாயில்லை.

நேற்றுச் சாயங்காலம் பூங்கோதை கடைக்குப் போயிருந்த நேரத்தில் பானையிலிருந்து மொண்டு மொண்டு குடித்திருக்கிறான். திரும்பி வந்து பார்த்தவளிடம் சொம்பை மறைக்கக்கூட இல்லையாம். ஒரு நாள் குடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது என்றானாம்.

நேற்று பதினைந்தாம் தேதி. நாங்கள் போயிருக்க வேண்டிய நாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். முகம் உப்பியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்தான். வராந்தாவில் பூங்கோதையிடம், வருகிற சனிக்கிழமை நவமி, நல்ல காரியத்துக்கு ஆகாது, இவன் உடம்பும் தேறட்டும், மாதம் பிறந்து பார்த்துக்கொள்ளலாமா என்றேன்.

பூங்கோதை எனக்கு எதிராகப் பேசி நான் கேட்டதில்லை. இன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"நவமியா இருந்தா இருந்துட்டுப் போவட்டும் அண்ணி. போறதுன்னா போவோம். இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. புள்ளைக்கிட்ட தேதி சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கூசுது."

இருபத்திரண்டாம் தேதிதான் என்றேன். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, எப்போதிலிருந்து நீ நவமி பார்க்க ஆரம்பித்தாய் என்று வேதரத்தினம் கேட்டார். பேசாதவர் பேசினால் இப்படித்தான் பேசுவார்.

பிப்ரவரி 21, வெள்ளி

எலுமிச்சம்பழச் சாதம், உப்பில்லாமல். இரண்டு தடவை வேகவைத்த உருளைக்கிழங்கு. ஜமுக்காளம், குடை, அம்மாவின் மாத்திரை. காலை ஆறு மணிக்கு வேன். தண்ணீர் எடுத்து வைக்கவில்லை. அவன் எதிரில் எப்படிக் குடிப்பது. அரை நாள்தானே, நான் தாங்குவேன். மற்றவர்கள் கொண்டு வருவார்கள்.

பிப்ரவரி 22, சனி

போய் வந்தாயிற்று.

காலை வெயில் ஏறும் முன்பே படகுத்துறைக்குப் போய்விட்டோம். படகுக்காரர் எல்லாருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தார். அம்மா அதைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு போலீஸ்காரி மாதிரி உட்கார்ந்தாள். ஆறு கொஞ்ச தூரம் வரை சாதாரண ஆறுதான். இரண்டு கரையிலும் கருவேல மரம், இறால் குட்டை, வலை காயப்போட்டிருந்தது. பிறகு மெல்ல மெல்லக் கரை பச்சையாக மாறியது. ஒரு திருப்பத்துக்கு அப்புறம் கரையே இல்லை, மரம்தான் கரை. மரமெல்லாம் தண்ணீரிலேயே நின்றது. சேற்றிலிருந்து விரல் விரலாக வேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மகிழ் எட்டி எட்டிப் பார்த்து, இதுதான்ப்பா மூச்சு விடுற வேர் என்று அப்பனுக்கே பாடம் நடத்தினாள். உப்புத் தண்ணீரில் இருந்துகொண்டே தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுமாம், உப்பை வெளியே தள்ளிவிடுமாம். படகுக்காரர் ஒரு இலையைப் பறித்து அவளிடம் நக்கிப் பார்க்கச் சொன்னார். நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள். குணா அந்த இலையை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான்.

அவனுக்கு முகம் தெளிந்திருந்தது. வேதரத்தினத்திடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னான். படகின் முனையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, "அத்தான், தலைக்கு மேல கொஞ்சம் எடம் விட்டு எடுங்க" என்றான். அவர் எடுத்துக் கொடுத்தார். நான் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காயலுக்குள் நுழைந்ததும் மரங்கள் விலகிவிட்டன. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். வெயில் சுள்ளென்று அடித்தது. மகிழ் தண்ணீர் கேட்டாள்.

நான் பூங்கோதையைப் பார்த்தேன். பூங்கோதை அம்மாவைப் பார்த்தாள். அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தாள். ஒருவரும் கொண்டு வரவில்லை. சாப்பாடு இருக்கிறது, குடை இருக்கிறது, ஊறுகாய்கூட இருக்கிறது. ஆளாளுக்குத் தனித்தனியே அதே யோசனை செய்து, அத்தனை பேரும் வறண்ட தொண்டையோடு காயல் நடுவில் உட்கார்ந்திருந்தோம். படகுக்காரருக்கு எங்களைப் பார்த்தால் எப்படி இருந்திருக்குமோ.

குணா தன் பையிலிருந்து பெரிய பாட்டில் ஒன்றை எடுத்தான். டம்ளரும் கொண்டு வந்திருந்தான். மகிழுக்கு ஊற்றிக் கொடுத்தான், பிறகு அம்மாவுக்கு, பிறகு எங்களுக்கு. வேண்டாம் என்ற அம்மாவிடம், "குடிம்மா, ஒன்னப் பாத்தாவது எனக்குத் தொண்ட நனையட்டும்" என்றான். ஒவ்வொருவரும் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்துகொண்டு குடித்தேன்.

டம்ளரைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு அவன் சொன்னான். குழாயில் தண்ணீர் இனி எட்டு மணிக்குத்தான் வரும் என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

"அக்காவோட டெஸ்டு வந்துருச்சு. பொருந்தல. போன வாரமே சொல்லிட்டாங்க. இங்க வந்து சொல்லிக்கலாமுன்னுதான் இருந்தோம்."

இருந்தோம் என்றான். என்னையும் சேர்த்துக்கொண்டான்.

பூங்கோதை மகிழின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, தடவிக்கொண்டே இருந்தது. அம்மா என் பக்கம் நகர்ந்து வந்து என் கன்னத்தைப் பிடித்து, "நீ என்னடி பண்ணுவ, குடுக்கணும்னுதான போன. அந்தப் புண்ணியம் ஒனக்கு உண்டு" என்றாள். வேதரத்தினம் தண்ணீரைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். அங்கே ஆறு பேரும் இருந்தோம், ஒரு வார்த்தை போதும்.

உண்மையை எழுதுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதமாகக் கழுத்தில் உட்கார்ந்திருந்தது இறங்கிப்போனது. பசித்தது. காட்டுக்குள் இருக்கிற மரப்பாலத்தில் ஜமுக்காளம் விரித்துச் சாப்பிட்டபோது இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். உப்பில்லாத சாதம் அவ்வளவு ருசியாக இருந்தது.

சாப்பிட்ட பிறகு, மகிழ் நண்டு பார்க்க அவர்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போனாள். நானும் குணாவும் மட்டும் இருந்தோம். ஏன்டா என்று கேட்டேன்.

"நீ தேதியத் தள்ளித் தள்ளி வச்சப்பவே புரிஞ்சுருச்சுக்கா. நீ மாட்டேன்னு சொல்ற மாதிரி வரக் கூடாது. அத்தான் சொல்ற மாதிரியும் வரக் கூடாது. பொறந்த வூட்டுலேருந்து ஒனக்கு வரணும், நாங்க வாங்கக் கூடாது. இதையும் ஒரு சீருன்னு வச்சுக்க."

மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன் என்று கேட்டேன். நீ சொல்லவே இல்லையே அக்கா என்றான். அதற்குள் மகிழ் கூப்பிட்டுவிட்டாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் அம்மா போன் செய்தாள். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். இந்தக் காலத்தில் எந்த அக்கா கொடுக்க முன்வருவாள், கொடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான் என்று எல்லாரும் சொன்னார்களாம். எழிலுக்கும் விஷயம் தெரிந்து, உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது அம்மா என்று அழுதாள்.

இன்று எதுவும் சமைக்கப் பிடிக்கவில்லை. நேற்றுப் பசித்ததை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

மத்தியானம் வேதரத்தினம் கடையைச் சாத்திவிட்டு வந்தார். சாப்பாடு போட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, காலையில் குணாவைக் கடையில் போய்ப் பார்த்தேன் என்றார்.

எதற்கு என்றேன்.

"எனக்கும் அதே ரத்த வகைதான். மச்சானுக்குக் குடுக்குறதுக்குச் சட்டத்துல கொஞ்சம் சிரமமாம், கமிட்டி கேள்வி கேக்குமாம். கேட்டுட்டுப் போவட்டும். என்னை டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு சொன்னேன். அவன் வேண்டவே வேண்டாம்னு அழுவுறான். நீ சொன்னாக் கேப்பான், சொல்லு."

நான் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் இவர் பின்னால்தான் ஒளிந்திருந்தேன். இவர் சம்மதிக்க மாட்டார், இவர் பயப்படுகிறார் என்று இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தபோது நீங்கள் ஏன் ஒன்றுமே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒன் தம்பி, ஒன் ஒடம்பு. நான் குடுன்னு சொன்னாலும் உத்தரவு, குடுக்காதன்னு சொன்னாலும் உத்தரவு. நீயே சொல்லட்டும்னு இருந்தேன்."

அப்போதுதான் சொன்னேன். பொருந்துகிறது, ஜனவரி மாதமே தெரியும், அவன் சொன்னது பொய், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று. மழை, ஆய்வு, அம்மா கால், நவமி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பயமா?"

ஆமாம் என்றேன். இந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை, இதில் எழுதியதும் இல்லை. மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப எழுந்திருக்க மாட்டேனோ என்று பயம். அவனுக்கு வைத்தும் உடம்பு ஏற்காமல் போய்விடுமோ என்று பயம். எல்லாவற்றுக்கும் மேல், ஆபரேஷன் கத்தி என்றாலே பயம்.

"சரி. பயந்துக்கிட்டே போவோம்" என்றார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இருவரும் தஞ்சாவூர் போனோம். குணா மெஷினில் இருந்தான். ஒரு ஆளைத்தான் உள்ளே விடுவார்கள். நான் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன். அத்தானிடம் சொல்லிவிட்டேன், இப்போது பூங்கோதையிடம் சொல்லப்போகிறேன், அதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன்.

எழுந்திருக்கப் பார்த்தான். கையில் குழாய், முடியவில்லை. வேண்டாம் அக்கா என்று கெஞ்சினான். "ஒங்கிட்ட வாங்கிட்டு, அப்புறம் எந்த மொகத்தோட பொங்கலுக்கு ஒன் வாசல்ல வந்து நிப்பேன்?"

"வந்து நிக்கணும்ல. மொதல்ல அதுக்கு வழியப் பாருடா" என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன்போல, நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. ரத்தம் ஓடுகிற குழாயைப் பார்க்கப் பயந்து இத்தனை நாள் அந்த அறைக்குள் நான் நுழைந்ததே இல்லை. இன்று பார்த்தேன். சாதாரண ரப்பர் குழாய்தான்.

வெளியே பெஞ்சில் பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். நின்றபடியே சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டுத் தன் கையைப் பார்த்தாள்.

"ஒரு மாசம் அண்ணி. அன்னக்கி வெடியக்காலைல அவரு மூச்சு விட முடியாம என் கையப் புடிச்சாரு பாருங்க, அப்பவும் ஒங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்றேன்.

"அவரு பொய் சொன்னாரு, அது அவரு கொணம். நீங்க பக்கத்துல உக்காந்து சாப்புட்டீங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நீங்க குடுங்க. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், சொல்ற எடத்துல நான் இல்ல. ஆனா என்னால இப்ப ஒங்களக் கும்புட முடியாது."

"கும்புட வேண்டாம்" என்றேன்.

அந்தச் சிரித்த முகத்து அம்மாவின் அறைக்கு நானும் வேதரத்தினமும் போனோம். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பார்த்தால் பூங்கோதையும் வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். உங்களைப் போனில் பிடிக்க முடியவில்லையே அம்மா என்றார் அவர், கோபப்படவில்லை. மிச்சப் பரிசோதனைகளை விளக்கினார். ஒரு வாரத்தில் முடித்துவிடலாமாம், எல்லாம் சரியாக இருந்தால் கமிட்டி, அதற்குப் பிறகு நாள் குறிப்பது. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்றார். எப்போது வர முடியும் என்று கேட்டார்.

இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் அரிசி வந்து இறங்குகிறது, நான் இல்லாமல் முடியாது. அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. நிஜமாகவே அரிசி வருகிறது, பொய்யில்லை. வேதரத்தினம் என்னைப் பார்க்கவில்லை. பூங்கோதை பார்த்தாள்.

நாளைக்கு என்றேன்.

முதல் பஸ் ஐந்து மணிக்கு. ஆயாவிடம் சரக்கு அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பயம் போகவில்லை, போகிற மாதிரியும் தெரியவில்லை. அலாரம் வைத்துவிட்டேன்.